ஒரு வாய் காபி

விழுங்கியாகிவிட்டது. தொண்டைக்குக் கீழே போய்விட்ட ஒன்று யார் கூப்பிட்டாலும் திரும்பி வராது என்பது கோகிலவாணிக்கு உறைத்தபோது அம்மா அந்தக் காகிதக் கப்பை எடுத்துக்கொண்டு வாஷ்பேசின் பக்கம் போய்விட்டிருந்தாள். "எளவெடுத்தவன், சக்கரை வேண்டாம் வேண்டாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், அள்ளிப் போட்டிருக்கான் பாரு" என்று கேன்டீன்காரனைத் திட்டிக்கொண்டே காபியைக் கவிழ்த்தாள், குழாயைத் திறந்துவிட்டாள், கப்பை நசுக்கி மஞ்சள் கூடையில் போடுவதா சிவப்புக் கூடையில் போடுவதா என்று ஒரு நொடி நின்றாள். கட்டிலின் தலைமாட்டில், ராத்திரி நர்ஸ் தொங்கவிட்டுப் போன அட்டை காற்றாடிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. தமிழிலும் எழுதியிருந்தது, ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது, வாயின் மேல் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு போட்ட படமும் இருந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்காகப் போட்ட படம். கோகிலவாணி படித்தவள். வெள்ளக்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மெஸ் நடத்துகிற நாச்சிமுத்து குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள், அதற்குத் தாசில்தார் ஆபீசில் சான்றிதழே வாங்கியவள். அப்படிப்பட்டவள் என்ன செய்தாள்? அம்மா கப்பை நீட்டினாள். "சக்கரை போட்டிருக்கானான்னு பாரு கண்ணு" என்றாள். இவள் வாங்கினாள், ஒரு வாய் குடித்தாள், "இருக்குதும்மா, குடிக்காத" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. கை நீண்டதும் வாய் திறந்ததும் யாரையும் கேட்டு நடக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கிச் சாய்ந்தால் தோள் தானாக நகர்வது போல அது நடந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மயக்க மருந்து கொடுப்பார்கள், வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டைகள் போடுவார்கள், உடம்பு இளைப்பதற்காக இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒரு வாழைப்பழம் அளவுக்குத் தைப்பார்கள். அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். இப்போது அது காலி இல்லை. ஒரு வாய் காபி இருக்கிறது. பால் ஊற்றிய, சர்க்கரை போட்ட காபி.

அம்மா திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். முகத்தில் எதுவும் இல்லை. கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை. எப்படிக் கவனிப்பாள், நாலு வருஷமாக நடப்பதுதானே. அந்த வைரஸ் காய்ச்சல் ஊரெல்லாம் வந்து போனபோது அம்மாவுக்கும் வந்து போனது. எல்லோருக்கும் நாக்கு திரும்பி வந்தது, அம்மாவுக்கு வரவில்லை. முதலில் இரண்டு வாரம் என்றார்கள், பிறகு ஆறு மாதம் என்றார்கள், பிறகு அம்மாவே கேட்பதை விட்டுவிட்டாள். உப்பும் ஒன்றுதான் புளியும் ஒன்றுதான். வாயில் வைத்தால் சூடு தெரியும், வழுவழுப்பு தெரியும், மிளகாய் எரிச்சல் மட்டும் லேசாகத் தெரியும். மெஸ் நடத்துகிற பொம்பளைக்கு நாக்கு செத்துப்போய்விட்டது என்று வெளியே தெரிந்தால் எதிர்க் கடைக்காரன் ஒருவன் போதும், சாயங்காலத்துக்குள் தாராபுரம் வரைக்கும் சொல்லிவிடுவான். "உங்கப்பனுக்குக்கூடத் தெரியக் கூடாது சாமி. வாய வெச்சுட்டு இருக்க மாட்டாரு, நாலு பேத்துகிட்டச் சொல்லிச் சிரிப்பாரு" என்று அம்மா அன்றைக்குச் சமையல்கட்டுக்குப் பின்னால் வைத்து இவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து இவள்தான் அம்மாவின் நாக்கு. சனி ஞாயிறுகளில் கோயமுத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போய் நிற்பாள், அம்மா கரண்டியிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விடுவாள், பேசவே வேண்டாம், இவள் நக்கிவிட்டு விரலை ஆட்டினால் போதும். ஒரு விரல் என்றால் உப்பு பத்தாது. இரண்டு விரல் என்றால் புளி தூக்கல். மற்ற நாள்களில் எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டால் "கை கணக்குத்தான், கைக்குத் தெரியும்" என்பாள். போதாததற்கு அப்பா வேறு. அடுப்பிலிருந்து இறக்கியதும் இறக்காததுமாக ஒவ்வொரு குண்டாவிலும் கரண்டியை விட்டு எடுத்துத் தின்றுகொண்டே இருப்பார், கடைக்கு வருகிறவர்களுக்கு முன்னால் முதலாளியே பந்திக்கு உட்கார்ந்துவிடுவதா என்று அம்மா கத்துவாள். அது போகட்டும். காபிதான் இப்போது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். கேன்டீன்களில் சொன்னாலும் கேட்பதில்லை, கலந்து வைத்த டிரம்மிலிருந்து பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். குடிக்கிறவளுக்கு இனிப்பா கசப்பா என்று தெரியாது. ஒருமுறை ஒரு கல்யாணத்தில் அப்படித்தான் வரிசையாக மூன்று டம்ளர் குடித்துவிட்டு மயங்கி விழுந்தாள். அதனால்தான் "பாரு கண்ணு". அதனால்தான் இவளும் பார்த்தாள். இதில் யார்மேல் தப்பு சொல்வது. யார்மேலும் இல்லாத தப்புதான் வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது.

ஒரு வாய் என்றால் எவ்வளவு? உறிஞ்சினாளா, நனைத்தாளா? நனைத்திருந்தால் நாக்கோடு போயிருக்கும். இல்லை, விழுங்கினாள், விழுங்கியது ஞாபகம் இருக்கிறது, சூடாக இருந்தது, நெஞ்சுக்குள் இறங்குகிற இடம்வரைக்கும் தெரிந்தது. நேற்று டயட்டீஷியன் ஒரு மருந்து மூடி அளவுக் கப்பைக் காட்டி, "இனிமே இதுதாங்க உங்க டம்ளர், இதக் குடிக்கவே கால் மணி நேரம் எடுத்துக்கணும்" என்று சிரித்தாள். அந்த மூடியில் பாதி இருக்குமா? முழுதாக இருக்குமா? அவள் வாய் பெரிய வாய். ஒரு வாய்க்கு எவ்வளவு என்று அளந்து பார்க்காமலேதான் இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறாள் போலிருக்கிறது. பக்கத்தில் வேறு யாராவது இருந்தால் இது ஒன்றும் இல்லை, பயப்படாதே என்று சொல்லியிருப்பார்கள். அவளுடைய வேலைதான் கெடுத்தது. மெடிக்கல் கோடிங். எங்கேயோ அமெரிக்காவில் ஒரு ஆளுக்கு ஆஸ்பத்திரியில் நடந்ததையெல்லாம் டாக்டர் எழுதியிருப்பார், அதைப் படித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போட வேண்டும். விழுந்ததற்கு எண், நாய் கடித்ததற்கு எண், நாய் கடிக்காமல் தள்ளிவிட்டதற்கு வேறு எண். மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விட்டால் அதற்கும் ஒரு எண் உண்டு. அவள் எத்தனையோ தடவை தட்டியிருக்கிறாள், ஒரு கையில் முறுக்கை வைத்துக்கொண்டு. அந்த ஆள்கள் அதற்கப்புறம் என்ன ஆனார்கள் என்று திரை சொன்னதில்லை. சிலருக்கு அடுத்த வரியிலேயே வேறு ஒரு எண் இருக்கும், அதோடு கணக்கு முடிந்துவிடும். குண்டாக இருப்பவர்களுக்கு அப்படி நடக்க இன்னும் வாய்ப்பு அதிகம் என்று படித்ததாக ஞாபகம். எங்கே படித்தாள்? நிஜமாகப் படித்தாளா, இல்லை இப்போது பயத்தில் அவளே எழுதிப் படிக்கிறாளா?

சொல்லிவிட வேண்டியதுதானே. சிஸ்டர், ஒரு வாய் காபி குடித்துவிட்டேன். இவ்வளவுதான் வாக்கியம். ஆனால் இந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒவ்வொன்றாக விழும். ஆபரேஷன் செய்கிற சர்ஜன் சென்னைக்காரர், மாதத்துக்கு இரண்டு தடவைதான் இங்கே வருகிறார், இன்றைக்குச் சாயங்காலமே திரும்பிவிடுவார். இன்று போனால் இன்னொரு நாள். இன்னொரு நாளுக்கு ஆபீசில் லீவு கிடையாது, இந்த லீவே பாத்ரூமில் நின்று மேனேஜரிடம் போனில் பேசி வாங்கியது. லீவுகூடப் போகட்டும். அப்பா. முந்தாநாள் பஸ் ஸ்டாண்டில் பையைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, இறங்காமல் நின்று, டிக்கெட் போட வந்த கண்டக்டரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அப்பா சொன்னார்: "நான் வேண்டாங்கறேன், நீயும் உங்கம்மாளும் கேக்கல. நல்லாருக்கற வயித்த அறுக்கறதுக்குக் கோயமுத்தூரு போறீங்க. போங்க. ஆனா ஒண்ணு. முடிச்சா முடிச்சுட்டு வா. பயந்துக்கிட்டு, அது சரியில்ல இது சரியில்லன்னு பாதில திரும்பி வந்தீன்னா அப்புறம் இந்தப் பேச்சே எங்கூட்டுல எடுக்கக் கூடாது." சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார், சந்தை நாளைக்கு வெங்காயம் வாங்கணும் என்று. ஜன்னல் வழியே பார்த்தபோது அவர் வெங்காயக் கடைப்பக்கம் போகவில்லை, பஸ் கிளம்புகிறவரைக்கும் கட்டணக் கழிப்பிடத்துக்கு எதிரே சும்மா நின்றுகொண்டிருந்தார். அவரைக் கேட்காமல் கையெழுத்துப் போட இவளுக்கு வயது இருக்கிறது. வீட்டில் பேச்சே எடுக்கக் கூடாது என்று ஆன பிறகு போய் ஆபரேஷன் செய்துகொண்டு, அந்த வீட்டுக்கே திரும்பிவந்து கஞ்சித் தண்ணி குடித்துக்கொண்டு படுத்துக் கிடக்கிற தைரியம் இல்லை. அவளுக்கு அவளைத் தெரியும். திரும்பிப் போனால் போனதுதான். இந்த உடம்போடு இருந்துகொள்ள வேண்டியதுதான்.

இந்த உடம்பு. ராத்திரி தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கென்று எழுந்து உட்காருகிற உடம்பு, ஹாஸ்டல் மாடிப்படியில் இரண்டாவது திருப்பத்தில் போன் வந்த மாதிரி நடித்துக்கொண்டு நிற்கிற உடம்பு. ஷேர் ஆட்டோவில் இவள் ஏறினால் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விடுவார்கள். யாரும் எதுவும் சொல்வதில்லை, பெருமூச்சுதான். கல்லூரியில் ஃபேர்வெல் அன்றைக்கு பிளாஸ்டிக் நாற்காலி உடைந்தது. அப்போது சிரித்த பெண்களைக்கூட மன்னித்துவிட்டாள், ஓடி வந்து இரண்டு நாற்காலியை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு "இப்ப உக்காரு" என்று அன்பாகச் சொன்ன சகுந்தலா மிஸ்ஸைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை. மெஸ்ஸில் ஒரு லாரிக்காரர், வாரா வாரம் வருகிறவர், நல்ல மனுஷன், எலும்பைக் கடித்துக்கொண்டே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நாச்சிமுத்தண்ணா, உங்க கடைக்கு எதுக்குங்க போர்டு? பொண்ண வாசல்ல நிக்க வெச்சாப் போதும், சாப்பாடு எப்படின்னு சனத்துக்குத் தெரிஞ்சுரும்!" கடை முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அப்பா சிரித்தது காசு கொடுக்கிறவர்களோடு சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு என்று இவளுக்குத் தெரியும், தெரிந்தாலும் என்ன. இவள் அப்போது அம்மாவுக்காக ரசத்தில் உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள், உள்ளங்கையில் இருந்ததை நக்கவும் முடியவில்லை, உதறவும் முடியவில்லை. உப்புப் பார்த்ததால் குண்டானாள் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அது பொய். ஒரு சொட்டுக் குழம்பால் யாரும் குண்டாவதில்லை. கடை சாத்துகிற நேரத்தில் மிஞ்சிய புரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துத் தின்றது அவள்தான், யாரும் திணிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று ஒரு தட்டைத் தள்ளுகிற கை அந்த வீட்டில் யாருக்கும் வளரவில்லை. அப்பா பசியில் படுத்த பிள்ளையாக இருந்தவர், அம்மாவும் அப்படியே. தட்டை யாராவது தள்ளினால் அந்த இரண்டு பேர் முகமும் எப்படிப் போகும் என்று பார்த்தே வளர்ந்தவள். அதனால்தான் இன்றைக்கும் கை நீண்டது. நீட்டப்பட்டதை வாங்கிக்கொள்கிற கை.

கதவு திறந்தது. பிரின்சி சிஸ்டர். மார்த்தாண்டத்துக்காரி, இவளைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். "ரெடியா? குளிச்சாச்சா? நகை எல்லாம் கழட்டியாச்சா? பச்சை டிரஸ் போடுங்க" என்று மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டே ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கையில் சுற்றினாள். பட்டை பத்தவில்லை. பெரிய பட்டையை எடுத்து வந்தாள், ஒன்றும் சொல்லாமல். பச்சை அங்கி முதுகில் சேரவில்லை. அதற்கும் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு அங்கியைப் பிரித்து முன்னும் பின்னுமாகப் போட்டுக் கட்டினாள். இப்போது கேட்பாள், ஏதாவது சாப்பிட்டீங்களா என்று இப்போது கேட்பாள். கேட்டால் சொல்லிவிடலாம், கேட்காமல் எப்படிச் சொல்வது. கேட்கவில்லை. "பி.பி. கொஞ்சம் கூட இருக்கே, பயமா?" என்று மட்டும் கேட்டாள். "லேசா" என்றாள் கோகிலவாணி. "பயப்படாதீங்க, பெரிய சார் ரொம்ப நல்லாச் செய்வாரு. ஃபர்ஸ்ட் கேஸே நீங்கதான். அதுக்கப்புறம் மூணாம் ரூம் பல்லடத்துக்காரர். அவரு ராத்திரி பூரா பசிக்குதுன்னு என்ன பாடு படுத்தினாரு தெரியுமா." அம்மா உடனே நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்க புள்ளைய நான் காவல் காத்துட்டனுங்க. தண்ணி பாட்டலக்கூட எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன். தூக்கத்துல மறந்துபோயிக் குடிச்சுப்போடும்னு." "சூப்பர் அம்மா" என்றாள் பிரின்சி. அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் தாலுகா ஆபீசிலும் எந்த மேஜைக்கு முன்னால் நின்றாலும் அம்மா ஒரு அடி பின்னால் போய், "படிச்ச புள்ள, அதைய கேளுங்க" என்று இவளை முன்னால் தள்ளுவாள். இந்த ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வேலை காவல் காப்பது. அதைச் சரியாகச் செய்துவிட்டோம் என்ற சந்தோஷம் அந்த முகத்தில் இருந்தது. அதை உடைத்து உள்ளே கையை விட வேண்டும். கதவு சாத்திக்கொண்டது. சொல்லவில்லை.

வேண்டுமென்றே குடித்தேனோ? இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது. பதினைந்து நாளாகப் பட்டினி மாதிரிதான். ஈரல் சுருங்க வேண்டும் என்று புரோட்டீன் மாவும் மோரும் தக்காளித் தண்ணியும். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அம்மா வழக்கம்போல உள்ளங்கையில் கோழிக் குழம்பு விட்டாள். நாக்கில் வைத்தாள், சரியாக இருக்கிறது என்று தலையாட்டினாள், பிறகு பின்கட்டுக்குப் போய்த் தொட்டியடியில் துப்பினாள். திரும்பினால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குத்தான் முதல்தடவையாக யோசித்தாள், இனி என்ன ஆகும் என்று. ஆபரேஷன் ஆனவர்கள் சொல்கிறார்கள், ருசி மாறிவிடுமாம், முன்னால் பிடித்தது நாற்றமடிக்குமாம், எண்ணெய் வாசனைக்கே குமட்டுமாம். மாதக்கணக்கில் காரமில்லை, மசாலா இல்லை. அம்மா கரண்டியோடு நிற்பாள், யார் கையில் விடுவாள். அம்மா இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எனக்கு இனி யாரு உப்புப் பாப்பாங்க" என்று ஒரு தடவை கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம், கேட்காததுதான் முள்ளு. அப்படியானால் இந்தக் காபியை உள்ளே இருந்த எவளோ ஒருத்திதான் குடித்தாளா, இது நடக்காமல் போகட்டும் என்று நினைக்கிற ஒருத்தி, பயந்தாங்கொள்ளி ஒருத்தி, அம்மாவின் நாக்காகவே காலம் தள்ளிவிடலாம் என்கிற ஒருத்தி? இல்லை. சும்மா பழக்கம். அம்மா நீட்டினாள், வாங்கினாள். பழக்கத்துக்குள் ஆசை ஒளிந்திருக்காதா? ஒளிந்திருந்தால்தான் என்ன, அதற்கு எண் கிடையாது, யாரும் கேட்கப் போவதில்லை. அந்த ஒரு வாய் நன்றாக இருந்தது என்பது மட்டும் உண்மை. பதினைந்து நாள் கழித்து ஒரு வாய் காபி. கொஞ்சம் டிகாக்‌ஷன் கம்மி, பால் தண்ணியாக இருந்தது, சர்க்கரை தூக்கல். நன்றாக இருந்தது. நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பார்த்தாள், இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு பேர் உள்ளே வந்தார்கள், பிரின்சியும் மயக்க மருந்து டாக்டரும். டாக்டர் நிலோஃபர், நேற்று ஒருமுறை வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனவர், நெற்றியில் தொப்பி வார் பதிந்த தடம். "குட் மார்னிங் கோகிலவாணி. தூங்கினீங்களா? ஆடுற பல் எதுவும் இல்லையே? ராத்திரிக்கு அப்புறம் ஏதாவது சாப்பிட்டீங்களா, குடிச்சீங்களா?" கேள்வி இவளிடம்தான் வந்தது. அதற்குள் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு மேஜைக்காரர் கேள்விக்கு அம்மா ஒரு அடி முன்னால் வந்து பதில் சொன்னாள். "ஒண்ணுமே சாப்பிடலீங்க டாக்டருங்க. சொட்டுத் தண்ணி குடுக்கலீங்க. நான் பக்கத்துலயேதானுங்க இருக்கறேன்." "வெரி குட்" என்று டாக்டர் திரும்பினார். பிரின்சி கட்டிலின் சக்கரப் பூட்டைக் காலால் தட்டி விடுவித்தாள், கட்டில் லேசாக ஒரு பக்கம் நகர்ந்தது, அந்த ஓர் அசைவில் வயிற்றுக்குள் இருந்தது ஏறி நெஞ்சில் இடித்த மாதிரி இருந்தது. இல்லை, அது பயம்தான், காபி அவ்வளவு இல்லை. காபி அவ்வளவு இல்லை என்றால் பேசாமல் போய்விடலாமே. தூங்கி எழுந்தால் முடிந்திருக்கும். எழாவிட்டால்? எழாவிட்டால் அம்மா சொல்வாள், ஒண்ணுமே கொடுக்கலீங்களே என்று எல்லோரிடமும் சொல்வாள், வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்வாள், சொல்லிக்கொண்டே இருக்கும்போது ஒருநாள் எங்கேயோ ஒரு காபிக் கப்பைக் கையில் வாங்கும்போது அம்மாவுக்கு அது ஞாபகம் வரும். அந்த ஒருநாள் கோகிலவாணிக்கு முழுசாகத் தெரிந்தது. கப்பைப் பிடித்த அம்மாவின் கை தெரிந்தது.

"குடிச்சேன்" என்றாள்.

டாக்டர் நின்றார். "என்னது?"

"காபி. ஒரு வாய். பால் காபிங்க. விடிஞ்சதுக்கப்புறம், விளக்கு அணைச்சாங்கல்ல, அப்ப. விழுங்கிட்டேன்."

"என்ன கண்ணு சொல்ற நீ?" என்றாள் அம்மா. பிறகு வாஷ்பேசினைப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. "அய்யோ சாமி. நாந்தானுங்க. நாந்தானுங்க நீட்டினேன். எனக்குத் தெரியாதுங்க, இனிப்பு எனக்குத் தெரியாதுங்க, அதனால அதைய..." அம்மா ஸ்டூலைத் தேடிப் பின்பக்கமாகக் கையை நீட்டினாள், பிரின்சி பிடித்து உட்காரவைத்தாள். டாக்டர் நிலோஃபருக்குக் கோபம் வந்தது தெரிந்தது, தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "இதுக்குத்தானே அவ்வளவு பெரிய அட்டை மாட்டியிருக்கோம்" என்றார். பிறகு கட்டில் விளிம்பில் கையை ஊன்றிக் குனிந்து, குரலை இறக்கி, "சொன்னீங்களே, அது போதும். சொல்லாம உள்ள வந்திருந்தீங்கன்னா நான் உங்க தொண்டையில குழாய் போடுற நேரத்துல அது மேல வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரிஞ்சிருக்காது, அதுதான் ஆபத்து" என்றார். "இப்ப உடனே முடியாது. பால் இறங்கணும். பல்லடத்துக்காரரை முதல்ல எடுத்துக்கச் சொல்றேன். மதியத்துக்கு மேல உங்கள எடுக்க சார் ஒத்துக்கறாரான்னு கேக்கறேன். அவருக்கு ஃபிளைட் இருக்கு. உறுதி கிடையாது." கட்டிலின் சக்கரத்தைப் பிரின்சி மறுபடி பூட்டினாள். பக்கத்து அறைகளில் எங்கேயோ ஒரு கட்டில் உருள்கிற சத்தம் கேட்டது, பல்லடத்துக்காரர் "இப்பவேங்களா, இப்பவேங்களா" என்று கேட்டுக்கொண்டே போனார்.

அம்மா அழவில்லை. அழுதால் தேவலாம் போலிருந்தது. கோகிலவாணிக்கு இரண்டு அங்கிக்குள் வேர்த்தது. அம்மா போனை எடுத்து, எண்ணைத் தேடாமல் நடுவிரலால் ஒரே இடத்தில் இரண்டு தடவை அழுத்தினாள், சத்தமாகப் பேசுகிற பொத்தானும் அழுந்திவிட்டது. மெஸ்ஸின் இரைச்சல் அறைக்குள் வந்தது, தட்டு விழுகிற சத்தம், யாரோ "இன்னொரு பூரி" என்றார்கள். "என்ன, உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களா?" என்றார் அப்பா. கோகிலவாணி கையை ஆட்டினாள், வேண்டாம்மா, நான் சொல்கிறேன், ஏதாவது சொல்கிறேன், மிஷின் ரிப்பேர் என்று சொல்கிறேன். அம்மா அவளைப் பார்க்கவில்லை. "ஏனுங்க, கேக்குதுங்களா? புள்ளைக்கு ஆப்பரேசன் தள்ளிப்போயிருச்சு. அது மேல தப்பில்ல. அதைய ஒரு சொல்லுச் சொல்லாதீங்க. நாந்தான் காப்பியக் குடுத்து இனிப்புப் பாக்கச் சொன்னேன். எனக்கு நாக்குல ருசி தெரியறதில்லீங்க. அந்தக் காய்ச்ச வந்ததுல இருந்தே தெரியறதில்ல. உங்ககிட்டச் சொல்லாம மறச்சுட்டேன்." மெஸ்ஸின் இரைச்சல் குறைந்தது, அப்பா கடையைவிட்டு வெளியே வந்துவிட்டார் என்று தெரிந்தது, பஸ் ஹாரன் கேட்டது.

"தெரியும் புள்ள" என்றார்.

"என்னது?"

"காய்ச்ச வந்து எந்திரிச்ச வாரத்துல சாம்பாருல உப்பே இல்ல. அதுக்கடுத்த நாளு கடலத் தூக்கி ஊத்துனாப்புல இருந்துச்சு. தெரியாதா பின்ன? சனி ஞாயிறு வாணி வந்து பாத்துக்கறா. மத்த நாளெல்லாம் யாரு பாத்தா, காக்காயா வந்து பாத்துட்டுப் போச்சு?"

"அப்பறம் ஏனுங்க சொல்லல இத்தன நாளும்?"

"நீ சொல்லல. நான் எதுக்குச் சொல்றது?" என்றார் அப்பா. "நீ திட்டறப்பவும் பேசாமத்தான இருந்தேன். ஒவ்வொரு குண்டாவாத் தின்னுதின்னு எனக்கும் தொப்பை வந்ததுதான் மிச்சம்." ஒரு பஸ் உறுமிக்கொண்டு போனது. "வாணி பக்கத்துல இருக்குதா? ஏ வாணி. திருப்பிக் கூட்டிட்டு வந்துராதன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு. இன்னைக்கு ஆகலீன்னா அந்தச் சென்னைக்காரரு அடுத்து என்னைக்கு வர்றாருன்னு கேட்டு வெய்யி. அன்னைக்குச் சந்தையா இருந்தாலும் கடையச் சாத்திப்போட்டு நானும் வர்றேன். ரெண்டு பேரு போயி ஒரு காப்பியக் குடிக்கத் தெரியல."

போன் நின்றது. கரண்டியோடு நிற்கிற அப்பாவைக் கோகிலவாணி நினைத்துப் பார்த்தாள், மேல் சட்டையில் குழம்பு தெறித்த அப்பா, அம்மா முதுகைத் திருப்புகிறவரைக்கும் காத்திருந்து குண்டாவுக்குள் கரண்டியை விடுகிற அப்பா, அதன்பின் உப்பு ஜாடிப்பக்கம் போகிற அப்பா. அவர் உப்பு ஜாடிப்பக்கம் போவதை அவளே பார்த்திருக்கிறாள். பார்த்திருக்கிறாளா? திருட்டுத்தனமாகத் தின்கிற மனுஷன் என்று நினைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்திருக்கிறாள். அந்த வீட்டில் அவள் இல்லாமல் உப்பு சரியாகத்தான் இருந்திருக்கிறது. இது ஆறுதலா, இல்லை வேறு எதையோ பிடுங்கிக்கொண்டு போகிற ஒன்றா என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை, நெஞ்சில் ஏதோ கழன்ற மாதிரியும் இருந்தது, கழன்ற இடம் குளிர்ந்த மாதிரியும் இருந்தது. அப்படியானால் இந்த வயிறு அவளுடையதுதான். அவளுடைய பயமும் அவளுடையதுதான், இனி அம்மாவுக்காக என்று சொல்லிக்கொள்ள முடியாது. பிரின்சி கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டினாள். "சார் ஓகே சொல்லிட்டாரு. மதியம். அதுவரைக்கும் எச்சில் விழுங்கிறதுன்னாக்கூட என்னக் கேட்டுட்டு விழுங்குங்க." சிரித்துவிட்டுப் போய்விட்டாள். மதியம். இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது, அதற்குள் எத்தனை தடவை பயப்பட வேண்டியிருக்கும். அம்மா எழுந்து புடவையைச் சரிசெய்தாள். "எனக்கு ஒரு வாய் காப்பி ஊத்திக்காட்டிக் கிறுகிறுன்னு வரும். இங்கயே இரு. நான் வெளியிலயே குடிச்சுட்டு வந்தர்றேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள். வராந்தாவின் கோடியில்தான் கேன்டீன்காரன் டிரம்மை வைத்துக்கொண்டு நிற்பான். கோகிலவாணி காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தாள். முதலில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு, மூன்று அறைக்கும் கேட்கிற குரலில், மெஸ்ஸில் இலை போடச் சொல்லிக் கத்துகிற அதே குரலில், "ஏப்பா, இத நீயே ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லு. எனக்கு நாக்கு செத்துப்போச்சு. சக்கரை இருக்குதா இல்லியா?"

அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. கோகிலவாணி நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தாள். கொஞ்சம் இருந்தது இன்னும்.